குறை சொல்லத் தெரியாதவர்களின் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் நோர்ஹைமில் யாரையாவது பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். ஆலங்கட்டி மழையில் கோதுமை முழுக்கப் படுத்துவிட்ட வருஷத்திலும் அதே பதில்தான். ஒருமுறை பக்கத்துப் பண்ணையில் வைக்கோல் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. வாளியோடு ஓடிப்போன என்னிடம் கொட்டகைக்குச் சொந்தக்காரர், "பரவாயில்ல, கொஞ்சம் கதகதப்பா இருக்கு" என்றார். இதை நாங்கள் பணிவு என்று சொல்லிக்கொண்டோம். அந்தப் பணிவைப் பற்றி எங்களுக்குக் கணிசமான பெருமை இருந்தது. டகோட்டா சமவெளியில் எங்களைவிடப் பணிவான ஊர் கிடையாது என்று நானே எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அதை ஆமோதித்தார்கள்.

இந்தக் குணத்துக்கு மாநில அரசு ஒருநாள் மதிப்பெண் போடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

என் பெயர் ஐனார் ப்ரெக்கே. கோதுமையும் சூரியகாந்தியும் பயிரிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவுக்கு நான்தான் தலைவர். தேர்தல் நடந்த கூட்டத்தில் எல்லோருக்கும் காபி எடுத்துவர நான் சமையலறைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கையில் காபித் தட்டு இருந்ததால் மறுக்க முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் என் தாத்தா காலத்துச் செங்கல் கட்டடம். கொதிகலன் நிலவறையில் உட்கார்ந்துகொண்டு மாடு கத்துவதுபோல் கத்தும். கூரை ஒழுகும் இடங்களில் வாளிகள் வைத்திருந்தோம். அவை அங்கே இருந்து இருந்து, பிள்ளைகள் அவற்றையும் பெஞ்சு, கரும்பலகை போலப் பள்ளியின் சாமான்கள் என்றே நினைத்தார்கள். தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருஷத்தில் புதுக் கட்டடம் எழவில்லை என்றால் பள்ளியை மூட வேண்டும் என்றார். மூடினால் எங்கள் பிள்ளைகள் ஐம்பது மைலுக்கு அப்பால் உள்ள மாவட்டத் தலைநகருக்குப் பஸ்ஸில் போக வேண்டும்.

என் மகள் பிரிட்டாவுக்கு அப்போது ஆறு வயது. ஜனவரி மாதத்தில் எங்கள் பக்கம் எட்டு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வரும். பஸ்ஸில் போவதானால் அவள் இருட்டில் ஏறி இருட்டில் இறங்குவாள். பனிப்புயல் அடித்தால் சாலை எது வயல் எது என்று தெரியாது. அந்தச் சாலையில் மண்டிய வெள்ளைக்கு நடுவே ஒரு மஞ்சள் பஸ் நிற்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.  என் மனைவி மர்லிஸ் பிரிட்டாவுக்கு ஒரே குளிர்காலத்தில் மூன்று ஜோடி கம்பளிக் கையுறை பின்னிவிட்டாள்.

புதுக் கட்டடத்துக்குப் பணம் வர ஒரு வழி இருந்தது. மாநிலத் தலைநகரில் பள்ளிக் கட்டட உதவி வாரியம் என்று ஒன்று உண்டு. பாதிச் செலவை அவர்கள் மானியமாகத் தருவார்கள். மீதியை ஊர் கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்திரத்தை நிலவரியிலிருந்துதான் அடைப்பார்கள் என்பதால், ஊரில் நூற்றுக்கு அறுபது பேர் சரி என்று வாக்களிக்க வேண்டும்.

வாரியத்தின் தலைவி திருமதி வின்ஸ்லோவுக்கு நான் போன் செய்தேன். மானியம் உறுதியானால்தான் ஊர்க்காரர்கள் கடன் பத்திரத்துக்கு வாக்களிப்பார்கள் என்று சொன்னேன். அது மிகவும் நியாயம் என்றார். ஆனால் கடன் பத்திரத்துக்கு வாக்களித்த ஊருக்குத்தான் மானியம் உறுதியாகும் என்றார். அதுவும் நியாயம் என்று நான் சொன்னேன்; எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 

"அப்ப எது முதல்ல மேடம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் முதல்லதான் மிஸ்டர் ப்ரெக்கே. அதுலதான் இந்தத் திட்டத்தோட பலமே இருக்கு" என்றார்.

நல்ல வேளையாக இதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருந்தார்கள். மானியம் கிடைத்தால் வாக்களிப்போம் என்று நம்புவதாக ஊர் ஒரு தீர்மானம் போட வேண்டும். ஊர் அப்படி நம்புவதைத் தாங்களும் நம்புவதாக வாரியம் ஒரு தீர்மானம் போடும். இரண்டு நம்பிக்கைகளையும் சேர்த்துக் கோப்பில் வைத்து, கட்டடத்தைப் பார்வையிட ஆய்வாளரை அனுப்புவார்கள். நான் ஞாயிறுதோறும் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன். இவ்வளவு விசுவாசத்தை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ஆய்வாளர் வருகிற செய்தி கிடைத்ததும் ஊரே பரபரப்பானது. இங்கேதான் நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். பெண்கள் தரையைத் தேய்த்தார்கள். ஆண்கள் கூரை ஓட்டைகளைத் தார் பூசி அடைத்தார்கள். பள்ளிப் பராமரிப்பாளர் ஹார்லன் கொதிகலனைப் பிரித்து மாட்டி, அது பூனைக்குட்டி போல் முனகும்படி செய்துவிட்டார். வாளிகளைச் சாமான் அறையில் ஒளித்தோம். நான் தலைமை ஏற்று நடத்தினேன் என்பதைப் பணிவோடு ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் சட்டங்களுக்குப் பச்சை வண்ணம் அடிக்கலாம் என்பது என் யோசனை.

டட்லி என்ற இளைஞர்தான் ஆய்வாளராக வந்தார். அவர் வகுப்பு வகுப்பாகப் போய் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் குளிர் எப்படி, ஒழுகல் எப்படி, காற்று எப்படி என்று கேட்டார். எல்லோரும் பரவாயில்லை என்றார்கள். உங்களுக்கு எந்தக் குறையும் இல்லையா என்று என்னிடம் கேட்டார். கேட்கும்போதே கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. "இங்கேயெல்லாம் கொஞ்சம் ஈரப்பதம் உண்டு" என்றேன். மர்லிஸ் அவருக்கு ரூபார்ப் பை என்ற புளிப்புப் பலகாரம் ஒன்றை முழுசாகக் கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. வாரியத்தில் கட்டடத்தின் சீரழிவுக்கு மதிப்பெண் போடுவார்கள். அதிகம் சீரழிந்தவர்களுக்குத்தான் பணம். எங்களுக்கு நூற்றுக்குப் பதினெட்டு. இத்தனை அன்போடு பேணப்படும் கட்டடத்தை இடித்துப் புதிது கட்டச் சொல்ல வாரியத்துக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஜன்னல்களின் பச்சை வண்ணத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

அடுத்த சுற்று ஒரு வருஷம் கழித்து. அதுவும் தவறினால் பள்ளி மூடப்படும். எனவே நகரத்திலிருந்து பிரெஸ்காட் என்ற ஆலோசகரை அமர்த்தினோம். மானியம் வாங்கித் தருவதே அவர் தொழில். அவர் வந்து எங்களோடு ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு, கட்டடத்தில் கோளாறு ஒன்றுமில்லை, அது நன்றாகவே பாழடைந்திருக்கிறது, மனிதர்கள்தான் கோளாறு என்றார்.

"உங்களுக்குக் குறை சொல்லத் தெரியல சார். அத முதல்ல கத்துக்கணும்."

தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் பயிற்சி நடந்தது. வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். ஒவ்வொருவரும் தங்களை உறுத்துகிற ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் தபால் நிலையத்து அம்மாள் எழுந்து நின்று, இன்றைக்குக் காபி லேசாகத் தண்ணியாக இருந்ததோ என்று தனக்கு ஒரு சந்தேகம் என்றார். பிரெஸ்காட் கைதட்டினார். ஆனால் காபி போட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். காபி போட்டவரும் அழுதார். அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. மறுநாள் இருவர் வீட்டு வாசலிலும் ஆளுக்கொரு கேக் இருந்தது.

எனக்கு வேறொரு உறுத்தல். முணுமுணுப்பது பாவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டவன் நான். இப்போது பள்ளிக்காக முணுமுணுக்கலாமா என்று ஒரு வாரம் ஜெபம் செய்தேன். பதில் வரவில்லை. மர்லிஸிடம் கேட்டேன்.

"கடவுள்கிட்ட கேட்டியா? அவர் பரவாயில்லன்னு சொல்லியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

பிரெஸ்காட்டின் இரண்டாவது கட்டளை இன்னும் கடினமானது. இனி பள்ளியில் ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடக்கூடாது. ஒழுகுவது ஒழுக வேண்டும். உடைந்தது உடைந்தே கிடக்க வேண்டும். குழுத் தலைவர் என்ற முறையில் நான் இதை அறிவிப்பாக ஒட்டினேன். சீரழிவைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னுடையது என்று பிரெஸ்காட் சொன்னபோது, எனக்கு ஒரு புதுப் பதவி கிடைத்ததுபோல் உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஹார்லன் அறிவிப்பை இரண்டு முறை படித்தார்.

"ஐனார், ஒழுகுறத ஒழுகட்டும்னு பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம்?"

"இப்போதைக்கு அதுக்குத்தான்" என்றேன்.

"எங்க அப்பா கேள்விப்பட்டா கல்லறையிலிருந்து எழுந்து வந்து சரிபண்ணிட்டுப் போவாரு."

வந்தது ஹார்லனின் அப்பா அல்ல, மற்ற எல்லோரும். பையன்கள் கழிவறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வகுப்பறை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் யாருக்கும் தெரியாமல் கோட்டுக்குள் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு அங்கே போனேன். பிரிட்டா அந்தச் சத்தத்தால் கணக்குப் போட முடியவில்லை என்று சொல்லியிருந்தாள் என்பதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தபால் நிலையத்து அம்மாளின் கணவர் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எங்கள் பாஸ்டர் அவருக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"ஜெபம் பண்ணலாம்னு வந்தோம்" என்றார் பாஸ்டர்.

நானும் அதற்காகத்தான் வந்ததாகச் சொன்னேன். கோட்டுக்குள்ளிருந்து ஸ்பானர் நழுவித் தரையில் விழுந்தது. பாஸ்டர் டார்ச்சை அதன் மேல் திருப்பினார். பிறகு, "இன்னும் கொஞ்சம் பெரிய சைஸ் இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

இப்படி அறிவிப்பும் அதன் மீறலுமாக அந்த வருஷம் ஓடியது. எப்படியோ, டட்லி மறுபடி வந்தபோது ஊர் தயாராக இருந்தது. பெற்றோர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்த குறையைச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார்கள். ஜன்னல் வழியே வரும் குளிர் தாங்க முடியவில்லை என்று சொன்ன ஒரு தாய், டட்லியின் கைகள் சில்லிட்டிருப்பதைப் பார்த்துத் தன் கையுறையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். இந்த முறை அறுபத்து ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. ஒரே ஒரு பள்ளிக்குத்தான் பணம் மிச்சம் இருந்தது. அதே அறுபத்து ஒன்பது வாங்கிய இன்னொரு ஊரும் இருந்தது. அது ஸ்ட்ராஸ்ஃபெல்ட்.

ஸ்ட்ராஸ்ஃபெல்ட் எங்களுக்குத் தெற்கே இருபத்திரண்டு மைலில் இருக்கிறது. ஜெர்மன் கத்தோலிக்கர்களின் ஊர். அவர்களோடு எங்களுக்கு மூன்று தலைமுறைப் பகை. பள்ளிக் கூடைப்பந்தில் அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து தோற்றால் கேக் கொடுத்து அனுப்புவோம். ஜெயித்தால் இன்னும் பெரிய கேக் கொடுப்போம். ஒருவரை இதைவிடக் கடுமையாக அவமதிக்க எங்களுக்குத் தெரியாது. இரண்டு பள்ளிகளையும் இணைக்கச் சொல்லி மாநிலம் இருபது வருஷமாகச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு ஊரும் நன்றி தெரிவித்துப் பதில் எழுதிவிட்டு, அப்படியே இருந்தன.

தலைநகரில் இறுதி விசாரணை. இரண்டு ஊர்த் தலைவர்களும் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசித் தங்கள் நிலைமைதான் அதிக மோசம் என்று நிரூபிக்க வேண்டும். பிரெஸ்காட் எனக்கு எழுதிக்கொடுத்த பேச்சில், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொண்டையைக் கனைக்க வேண்டும் என்றெல்லாம் குறிப்பு இருந்தது. ஓர் இடத்தில் மகளின் புகைப்படத்தை எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார். அதற்காக நான் பிரிட்டாவின் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். காலையில் காரிலிருந்து இறங்குமுன், இன்று ஒரு நாளைக்கு மட்டும் சுயநலமாக இருக்க எனக்குப் பலம் கொடு ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன்.

திருமதி வின்ஸ்லோ தொடக்க உரை ஆற்றினார்.

"இந்த வாரியம் துயரத்தை உணர்ச்சியை வைத்து அளப்பதில்லை. உணர்ச்சி ஊருக்கு ஊர் மாறும். எங்கள் அட்டவணை மாறாது. அதைத் தயாரிக்க ஒன்பது வருஷம் ஆனது. அந்த ஒன்பது வருஷமும் மாநிலத்தில் ஒரு பள்ளியும் தகுதியில்லாமல் கட்டப்படவில்லை என்பதில் எங்களுக்குப் பெருமை. தகுதியோடும் கட்டப்படவில்லை என்று சிலர் சொல்வார்கள். இந்த அட்டவணைப்படி மாநிலத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கியது எங்கள் பழைய தலைமை அலுவலகம். அதனால்தான் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடம் கட்டப்பட்டது. நாற்காலிகள் வசதியாக இருக்கும் என்று நம்புகிறேன்."

பரவாயில்லை என்று நான் பதில் சொன்னேன். பிரெஸ்காட் என் காலை மிதித்தார்.

ஸ்ட்ராஸ்ஃபெல்டின் தலைவர் அலோயிஸ் வோல்பாம் முதலில் எழுந்தார். பெரிய உடம்பு. பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். அவருக்கும் யாரோ பேச்சு எழுதிக்கொடுத்திருந்தார்கள். காகிதத்தைப் பிரித்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். முதல் வரியைப் படித்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டுத் தானாகப் பேசினார்.

"எங்க கூரை போன மார்ச்சுல விழுந்துச்சு. அது நிஜம். ஆனா ஞாயித்துக்கிழமை விழுந்துச்சு. பிள்ளைங்க யாரும் இல்ல. அதனால பரவாயில்ல. இப்ப தேவாலய ஹால்ல வகுப்பு நடக்குது. நோர்ஹைம்ல பிள்ளைங்க உள்ள இருக்கறப்பவே ஒழுகுதுன்னு கேள்வி. அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அவங்களுக்குக் குடுத்துடுங்க."

சொல்லிவிட்டு, மேசையில் தன் பெயர் அட்டை இருந்த இடத்தை எனக்கு விட்டுத்தருவதுபோல் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பணம் எங்களுக்கு என்று ஆகிவிட்டது. நான் எழுந்து நன்றி என்று சொல்லி உட்கார்ந்தாலே போதும். பிரெஸ்காட் என் காதில் அதைத்தான் சொன்னார். சட்டைப் பையில் பிரிட்டாவின் படம் இருந்தது. அந்தப் பஸ்ஸும் அந்த வெள்ளைச் சாலையும் எனக்கு நன்றாகவே தெரிந்தன. அதோடு, கூரையே இல்லாத ஒரு மனிதர் எனக்காக நகர்த்திப் போட்ட நாற்காலியும் தெரிந்தது. காலையில் கேட்ட பலம் எனக்கு அருளப்படவில்லை.

"எங்களுக்குக் கூரை இருக்கு மேடம். ஒழுகும், ஆனா இருக்கு" என்றேன். "அவங்களுக்கு முதல்ல குடுங்க. நாங்க அப்புறம் பார்த்துக்கறோம்."

அலோயிஸ் எழுந்து, அது முறையாகாது என்றார். நான் அவர் உட்காரும்படி கேட்டுக்கொண்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். இருவரும் நின்றோம். திருமதி வின்ஸ்லோ வாரியத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னார். பொய் சொல்லி வாங்குகிறவர்களுக்கு, மிகைப்படுத்தி வாங்குகிறவர்களுக்கு, வாங்கிவிட்டுக் கட்டாதவர்களுக்கு எல்லாம் அதில் விதி இருந்தது. வேண்டாம் என்கிறவர்களுக்கு இல்லை. அவர்கள் கூடிப் பேசிவிட்டு வந்து, இரண்டு ஊர்களும் தங்கள் தேவையை நிறுவத் தவறிவிட்டதாக அறிவித்தார்கள். பணம் பட்டியலில் அடுத்ததாக இருந்த நகர்ப்புறப் பள்ளி ஒன்றின் நீச்சல் குளத்துக்குப் போனது. தங்கள் துயரத்தைத் தயக்கமில்லாமல் எடுத்துரைத்தார்கள் என்று அவர்களைத் திருமதி வின்ஸ்லோ பாராட்டினார். குளத்தில் தண்ணீர் போதுமான அளவு வெதுவெதுப்பாக இல்லையாம்.

பிரெஸ்காட் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷத் தொழிலில் இப்படிப் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மர்லிஸிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக வழியெல்லாம் ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. சமையலறைக்குள் நுழைந்ததும் அது போய்விட்டது. பெருந்தன்மைக்கான செலவு என் பையிலிருந்து போகவில்லை. விடியுமுன் எழுந்து பஸ் ஏறப்போகும் பிரிட்டாவின் தூக்கத்திலிருந்து போயிற்று. மர்லிஸ் எதிரே உட்கார்ந்து முழுவதையும் கேட்டு முடித்தாள்.

"சரி" என்றாள்.

எங்கள் ஊர்ப் பெண்களின் பேச்சில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது.

பிறகு, "கூரை விழுந்த ஊர்ல பிள்ளைங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்களாம்?" என்று கேட்டாள். நான் அதைக் கேட்கவில்லை என்றேன்.

"மூணு மணி நேரம் அவரோட இருந்திருக்க. கேக்கலயா?" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து ஸ்ட்ராஸ்ஃபெல்டில் அலோயிஸின் மனைவியைக் கூப்பிட்டாள். தேவாலய ஹாலில் அடுப்பு கிடையாது, பிள்ளைகள் ஆறிப்போன ரொட்டிதான் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை மர்லிஸும் தபால் நிலையத்து அம்மாளும் கொதிக்கக் கொதிக்க உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்த தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை ஸ்ட்ராஸ்ஃபெல்டிலிருந்து எங்கள் பள்ளிக்குப் பழம் வைத்துச் சுட்ட குகன் என்கிற ஜெர்மன் கேக் வந்தது; கூடவே கூரை வேலை தெரிந்த இரண்டு ஆட்களும் வந்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை கூரை மேல் இருந்தார்கள். நான் ஒட்டிய அறிவிப்பை ஹார்லன் அன்றைக்கே கிழித்துவிட்டார். 

இப்படித் தட்டுகள் போய்வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு வாரத்தில், இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே பள்ளியாகக் கட்டினால் என்ன என்று யாரோ சொன்னார்கள். அலோயிஸின் மனைவி என்று மர்லிஸ் சொல்கிறாள். மர்லிஸ் என்று அவர் சொல்கிறார். இருபது வருஷம் சுற்றறிக்கையால் நடக்காதது ஒன்றரை மாதச் சாப்பாட்டில் நடந்துவிட்டது.

ஒரே ஒரு சண்டை மிச்சம் இருந்தது: எந்த ஊரில் கட்டுவது. கூட்டுக் கூட்டம் போட்டோம். உங்கள் ஊரில்தான் கட்ட வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். அது நடக்கவே நடக்காது, உங்கள் ஊரில்தான் என்று அவர்கள் நின்றார்கள். மூன்று கூட்டம் இப்படியே கலைந்தது. ஒரு கட்டத்தில் அலோயிஸ் மேசையைத் தட்டி, இத்தனை வருஷப் பகைக்குப் பிறகு இப்படியா விட்டுக்கொடுத்து எங்களை அவமானப்படுத்துவீர்கள் என்று கேட்டார். கடைசியில் ஆம்ப்ரோஸ் என்பவர் எழுந்தார். இரண்டு ஊருக்கும் நட்டநடுவில் தனியாக வாழ்கிற கல்யாணமாகாத விவசாயி. எந்தத் தேவாலயத்துக்கும் போகாதவர்.

"ரெண்டு பேரும் வேண்டாங்கிறீங்க. சரி, என் வயல்ல போட்டுக்கங்க. எனக்கு நன்றியும் வேண்டாம், கேக்கும் வேண்டாம். வீட்டுக்குப் போகணும்" என்றார்.

கடன் பத்திரத்துக்கு இரண்டு ஊரிலும் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சரி என்று வந்தது. வரி கூடுமே என்று கேட்டவர்களிடம் மற்றவர்கள் பரவாயில்லை என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் எங்களுக்கு உதவியது.

இரண்டு ஊரும் சேர்ந்த புதுப் பள்ளி மாவட்டத்தின் பெயரில் வாரியத்துக்கு மறுபடி மனு போட்டோம். விதிப்படி கட்டடத்தைப் பார்வையிட வேண்டும் என்று டட்லி வந்தார். புது மாவட்டத்துக்குக் கட்டடம் கிடையாது. எனவே அவரை ஆம்ப்ரோஸின் வயலுக்கு அழைத்துப் போனேன். அறுவடை முடிந்த கதிர்த்தாள்களின் நடுவே நின்று அவர் அட்டவணையைப் பூர்த்தி செய்தார். கூரை: இல்லை. சுவர்: இல்லை. வெப்ப வசதி: இல்லை. தீ அபாயக் காலத்தில் வெளியேறும் வழி: எல்லாத் திசையிலும். நூற்றுக்குத் தொண்ணூற்று ஏழு வந்தது. வாரியத்தின் வரலாற்றில் இதற்குமேல் வாங்கியது அவர்களுடைய பழைய தலைமை அலுவலகம் மட்டும்தான். மூன்று மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டேன். அவர் வருவதற்கு முன்தினம் யாரோ வயலின் ஓரத்துக் களையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்களாம். யார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில்தான் அரிவாள் இருக்கிறது.

பழைய பள்ளிக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. தீயணைப்புத் துறைக்காரர் வந்து, மேலே தார்ப்பாய் போர்த்திய கூரையைப் பார்த்தார். ஆம்ப்ரோஸின் வயலில் மானியப் பணத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதுச் சுவர்களைப் பற்றிக் கேட்டார். மர்லிஸ் கொடுத்த காபியைக் குடித்தார். அடுத்த ஆய்வுக்குத் தான் கொஞ்சம் தாமதமாக வரக்கூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது விதியில் இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. விதியில் இல்லாத நல்ல காரியங்களைக் கேட்காமல் விடுவது நல்லது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தோம்.

பள்ளி திறந்தது ஒரு ஜனவரி மாதத்தில். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தரை போடப் பணம் இல்லை. இன்றுவரை அது சிமெண்டுதான். மற்றபடி நல்ல கட்டடம். பிரிட்டாவின் பஸ் பதினோரு மைல் போகிறது. வழியில் எல்லா வீடும் தெரிந்தவர்கள் வீடு.

திறப்பு விழாவுக்குத் திருமதி வின்ஸ்லோ வந்து முற்றத்தில் நின்று பேசினார். இரு பெரும் சமூகங்களை இணைத்த இந்தச் சாதனை வாரியத்தின் நீண்டகாலத் திட்டமிடலின் பலன் என்றார். விட்டுக்கொடுக்கும் பண்பை ஊக்குவிக்க, அடுத்த வருஷத்திலிருந்து அதற்கும் மதிப்பெண் போட ஒரு துணைக் குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும், அதற்கான அலுவலகத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நாங்கள் கைதட்டினோம்.

பிறகு வாசலுக்கு வந்தோம். கனடாவிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அலோயிஸை உள்ளே போகச் சொன்னேன். அவர் இன்னொரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார். பாஸ்டர் ஸ்ட்ராஸ்ஃபெல்டின் பாதிரியாருக்கு வழிவிட்டார். பாதிரியார் தபால் நிலையத்து அம்மாளுக்கு வழிவிட்டார். அவர் திருமதி வின்ஸ்லோவுக்கு வழிவிட்டார். அவரோ எங்கள் நடுவில் நின்று பழக்கமில்லாமல் குழம்பிப்போய், நீங்கள் முதலில் என்று ஹார்லனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஊரும் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் தலையசைத்தோம். புதுக் கட்டடத்தின் வெப்பம் எங்களைத் தாண்டி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகள் எங்கள் கைகளுக்கு அடியில் புகுந்து எப்போதோ உள்ளே போய்விட்டார்கள். எந்த ஊர்ப் பிள்ளை எது என்று தெரியவில்லை. கூடத்தின் உள்ளிருந்து பிரிட்டாவின் குரல் கேட்டது.

"அப்பா, கதவ மூடுங்க. எங்களுக்குக் குளிருது."

எங்கள் பக்கத்தில் பயிற்சி இல்லாமல், மன்னிப்பும் கேட்காமல் ஊரறியச் சொல்லப்பட்ட முதல் குறை அதுதான் என்று நினைக்கிறேன். நானும் அலோயிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு முட்டி மோதிக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனோம்.